நான்கு ஃபிரெட், பத்து லட்சம் வழி

கீபோர்டில் ஒரு கட்டை சுருதிக்கு ச, க என்ற இரண்டு சுரங்களை மட்டும் வலது கையால் அழுத்திப் பிடியுங்கள். இடது கையால் கீழ் ஸ்தாயியில் ஒரு ச சேருங்கள். கிடைப்பது சி மேஜர் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஒரு சுரக்கூட்டு. தெளிவாக, கவலையில்லாமல் ஒலிக்கும். இப்போது வலது கையை அசைக்காமல், இடது கை விரலை மட்டும் ச-விலிருந்து கீழே இருக்கும் த-வுக்குக் கொண்டுபோங்கள். அதே இரண்டு சுரங்கள் ஏ மைனர் ஆகிவிடும். பாட்டின் முகம் வாடும். த-வையும் விட்டு ம-வுக்குப் போனால் எஃப் மேஜர் செவன்த்தின் சாயல் வரும். எதையோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திய மாதிரி இருக்கும். மேலே எதுவுமே மாறவில்லை. அடியில் நின்ற ஒரு சுரம் மாறியதும் மேலே ஒலிப்பதன் பொருள் மாறிவிட்டது.

இசைக்குழுவில் அந்த இடது கை விரலின் வேலையைச் செய்பவர் பேஸ் கிட்டார்காரர். பாட்டை முணுமுணுக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவர் இருப்பதே தெரியாது. ஆனால் அவர் வாசிப்பை நிறுத்தினால் பாட்டு அந்தரத்தில் தொங்குவது யாருக்கும் தெரிந்துவிடும்.

கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இது கிரக பேதத்தை நினைவூட்டும். மோகனத்தின் ஐந்து சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ரி-யை ஆதார ஷட்ஜமாகப் பாவித்தால் மத்யமாவதி. க-வைப் பாவித்தால் ஹிந்தோளம். சுரங்கள் அவையே, நிற்கும் இடம் வேறு. ஆனால் நம் கச்சேரியில் தம்புரா கடைசிவரை ஒரே இடத்தில்தான் இருக்கும். கிரக பேதம் எப்போதாவது காட்டப்படும் வித்தை. கார்டு அடிப்படையில் அமைந்த பாட்டில் தரையே நகர்கிறது. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில், ஒரு பாருக்கு நான்கு அடி என்றால், இரண்டு நொடிக்கு ஒருமுறை அடுத்த கார்டு வந்து நிற்கும். அந்த இரண்டு நொடிக்குள் எந்தச் சுரம், எந்தக் கம்பி, எந்த விரல் என்று மூளை கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. பேஸ் வாசிப்பவர்களின் கை நம்புவது கணக்கை அல்ல, வடிவத்தை.

ஒரே அச்சு, பன்னிரண்டு சுருதி

பேஸ் கிட்டாரில் வழக்கமாக நான்கு கம்பிகள்: ஈ, ஏ, டி, ஜி. தடித்த கம்பியிலிருந்து தொடங்கினால் அவற்றின் அதிர்வெண் 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு கம்பியும் முந்தையதைவிட ஐந்து அரைச்சுரம் மேலே இருக்கும். நம் கணக்கில் ச-வுக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள தூரம் அது. இந்தத் தூரம் எல்லாக் கம்பிகளுக்கு இடையிலும் ஒன்றே. ஆறு கம்பி கிட்டாரில் இந்த ஒழுங்கு கிடையாது. அங்கே மூன்றாம், இரண்டாம் கம்பிகளுக்கு நடுவில் தூரம் நான்கு அரைச்சுரமாகக் குறைந்துவிடுகிறது. அதனால் ஒரு கம்பியில் பழகிய கார்டு வடிவம் அடுத்த கம்பியில் உடைந்துபோகும். பேஸில் அது உடைவதில்லை.

மேஜர் கார்டின் வடிவத்தைப் பார்ப்போம். வீணைக்கு மெட்டு எப்படியோ கிட்டாருக்கு ஃபிரெட் அப்படி. ரூட், அதாவது கார்டின் ஆதார சுரம், நடுவிரலில் இருக்கட்டும். அதற்கு அடுத்த மெல்லிய கம்பியில், தலைப் பக்கமாக ஒரு ஃபிரெட் பின்னால் ஆள்காட்டி விரலை வைத்தால் தேர்ட் கிடைக்கும். அது ரூட்டுக்கு அந்தர காந்தாரம். அதே கம்பியில் ரூட்டைவிட இரண்டு ஃபிரெட் முன்னால் சுண்டுவிரல் விழும் இடம் ஃபிஃப்த், அது பஞ்சமம். இன்னொரு கம்பி தள்ளி அதே ஃபிரெட்டில் மேல் ஸ்தாயி ரூட், அதாவது ஆக்டேவ். மைனருக்கு ஒரே மாற்றம்தான். ரூட்டை ஆள்காட்டி விரலுக்கு மாற்றிக்கொண்டால், அதே கம்பியில் மூன்று ஃபிரெட் முன்னால் சுண்டுவிரலுக்கடியில் மைனர் தேர்ட் வந்துவிடும். ஃபிஃப்த்தும் ஆக்டேவும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கோல அச்சை வாசலில் எங்கே வைத்துத் தட்டினாலும் அதே கோலம் விழுவது மாதிரி, இந்த வடிவத்தை எங்கே வைத்தாலும் கார்டு அமையும். ரூட் ஈ கம்பியில் இருந்தால், மூன்றாவது ஃபிரெட்டில் ஜி மேஜர், ஐந்தாவதில் ஏ மேஜர், எட்டாவதில் சி மேஜர். பாடகர் தொண்டை சரியில்லை என்று அரைக் கட்டை இறக்கச் சொன்னால் கீபோர்டுக்காரருக்கு விரலமைப்பே மாறும். பேஸ்காரர் கையை ஒரு ஃபிரெட் தள்ளிக்கொள்வார்.

தள்ளினாலும் சுரம் பிசகாமல் இருப்பதற்குக் காரணம் ஃபிரெட். வீணைக்கு மெட்டு எப்படியோ கிட்டாருக்கு ஃபிரெட் அப்படி. பேஸ் கிட்டார் வருவதற்கு முன் ஜாஸ் குழுக்களில் ஆளுயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ்தான் இருந்தது. அதில் ஃபிரெட் கிடையாது. சுரத்தைக் காதால் தேடிப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டலில் பால் டுட்மார்க் 1930களிலேயே ஃபிரெட் வைத்த மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார், ஆனால் அது பரவவில்லை. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையிலிருந்து தொழிலைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த கிட்டார்தான் உலகத்தைப் பிடித்தது. அதற்கு அவர் வைத்த பெயர் பிரிசிஷன் பேஸ். சுரம் துல்லியமாக விழும் என்பதே விற்பனை வாக்குறுதி. அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம். ஒவ்வொரு ஃபிரெட்டும் மிச்சமிருக்கும் நீளத்தில் ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்கைக் குறைக்கும். பன்னிரண்டு முறை குறைந்தால் கம்பி சரிபாதியாகி, அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கும்.

கம்பி தானே சொல்லும் கார்டு

ரூட், தேர்ட், ஃபிஃப்த் என்ற இந்த மூன்றை யார் தேர்ந்தெடுத்தார்கள்? பெரும்பங்கு கம்பியே தேர்ந்தெடுத்தது. 55 ஹெர்ட்ஸ் கொண்ட ஏ கம்பியை மீட்டினால் அது 55இல் மட்டும் அதிர்வதில்லை. கூடவே 110, 165, 220, 275 என்று மடங்குகளிலும் அதிர்கிறது. 55 ச என்றால் 110 மேல் ஸ்தாயி ச, 165 அதற்கு மேலுள்ள ப, 220 மீண்டும் ச, 275 அந்தர காந்தாரம். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று கேட்பதாக நம் வித்வான்கள் சொல்வது இந்த ஐந்தாம் மடங்கைத்தான். சுயம்பு காந்தாரம் என்று அதற்குப் பெயரே உண்டு. 220, 275, 330 என்று நான்காம், ஐந்தாம், ஆறாம் மடங்குகளை அடுக்கினால் அது ஒரு மேஜர் கார்டு. பேஸ்காரரின் விரல் போடும் வடிவம், கம்பி மெலிதாகச் சொல்லிக்கொண்டிருப்பதை உரக்கச் சொல்கிறது.

இந்த மடங்குகளால் இன்னொரு விந்தையும் நடக்கிறது. கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் அதில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் எந்தச் சுரத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. மேலே உள்ள மடங்குகளின் வரிசையைக் கேட்டு, அவற்றுக்கெல்லாம் அடியில் எது இருந்தாக வேண்டும் என்று மூளை ஊகித்துக்கொள்கிறது. வராத சுரத்தைக் கேட்கிறோம்.

ஏன் மூன்றையும் சேர்த்து வாசிப்பதில்லை?

வடிவம் கைவசம் இருக்கிறது. கிட்டாரைப்போல மூன்று சுரங்களையும் ஒரே வீச்சில் மீட்டிவிட்டால் என்ன? மீட்டிப் பார்த்தால் காதுக்குப் புரியும்: கீழ் ஸ்தாயியில் அது கார்டாக ஒலிக்காது, உறுமும்.

இதற்கு விளக்கம் தேடிய முக்கியமானவர் ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1863இல் வெளிவந்த தம் நூலில் அவர் சொன்னது இது. அருகருகே உள்ள இரண்டு அதிர்வெண்கள் சேரும்போது ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். துடிப்பு நொடிக்கு முப்பது சொச்சத்தை நெருங்கும்போது காதுக்குக் கரடுமுரடாகக் கேட்கும். பிறகு 1965இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பிளாம்ப், லெவெல்ட் இருவரும் இதை உட்செவியின் அமைப்போடு இணைத்தார்கள். உட்செவியில் ஒரு குறிப்பிட்ட பட்டைக்குள் விழும் இரண்டு அதிர்வுகளைக் காது சுத்தமாகப் பிரிப்பதில்லை. தாழ்ந்த ஒலிகளுக்கு அந்தப் பட்டை ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அகலம்.

பேஸில் ஏ கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் உள்ள சி 65.4 ஹெர்ட்ஸ், அதன் தேர்ட்டான ஈ 82.4. இடைவெளி 17 ஹெர்ட்ஸ்தான். இரண்டும் ஒரே பட்டைக்குள் முட்டிக்கொள்கின்றன. அதே ஜோடியைக் கீபோர்டின் நடுவில் வாசித்தால் 262, 330. இடைவெளி 68ஆக விரிந்து கரடுமுரடு மிகுந்த பகுதியைத் தாண்டிவிடுகிறது. விகிதம் ஒன்றுதான், காதுக்குள் கிடைக்கும் இடம் வேறு. அதனால்தான் கிட்டாரும் கீபோர்டும் மேலே கார்டை விரித்துப் பிடிக்க, பேஸ் அதே கார்டை ஒவ்வொரு சுரமாகப் பிரித்து வரிசையில் சொல்கிறது. பேஸ் லைன் என்பதே இப்படிக் காலத்தில் நீட்டிய கார்டுதான்.

நான்கு பார், பதினாறு சுரம்

நீட்டுவது எப்படி என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டில் அருகில் போய்ப் பார்க்கலாம். சி, ஏ மைனர், எஃப், ஜி. 1950களின் அமெரிக்க டூ-வாப் பாடல்கள் தேய்த்துத் தேய்த்துப் பயன்படுத்திய நான்கு கார்டுகள் இவை. சுரத்தில் சொன்னால் சி என்பது ச க ப. ஏ மைனர் த ச க. எஃப் ம த ச. ஜி ப நி ரி. ஒவ்வொரு பாருக்கும் நான்கு அடி, அடிக்கு ஒரு சுரம்.

சி: ச – க – ப – த1
ஏ மைனர்: த2 – ச – த2 – க
எஃப்: ம1 – த2 – ச – ம2
ஜி: ப – நி – ரி – நி
பிறகு மீண்டும் ச.

முதல் அடியில் எப்போதும் ரூட்; தரை எங்கே என்று கேட்பவருக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டாம், மூன்றாம் அடிகளில் கார்டின் சுரங்கள் ஏதேனும். நான்காவது அடியில் இருக்கிறது சூட்சுமம். அது இந்தக் கார்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த கார்டின் ரூட்டுக்கு ஒரு அரைச்சுரம் பக்கத்தில் இருந்தால் போதும். முதல் பாரின் கடைசியில் வரும் சுத்த தைவதத்துக்குச் சி மேஜரில் இடமே இல்லை. ஆனால் அது சதுச்ருதி தைவதத்தின் வாசலில் நிற்கிறது. காது அடுத்த அடியை எதிர்பார்த்துச் சாய்கிறது. ஏ மைனர் வந்ததும் நிம்மதி. எஃப் பாரின் முடிவில் வரும் பிரதி மத்யமமும் அப்படியே பஞ்சமத்தின் மேல் போய் விழுகிறது.

இரண்டாம் பாரின் கடைசிச் சுரத்தைக் கவனியுங்கள். காந்தாரம் ஏ மைனரின் ஃபிஃப்த். அதே சமயம் எஃப்பின் ரூட்டுக்கு அரைச்சுரம் கீழே. இருக்கிற கார்டுக்கும் சொந்தம், வரப்போகும் கார்டுக்கும் பக்கத்து வீடு. நான்காம் பாரில் நிஷாதமும் அப்படித்தான்: ஜி-யின் தேர்ட், சி-யின் அண்டை. பதினாறு சுரங்களில், மேஜர் ஸ்கேலான சங்கராபரணத்துக்கு வெளியே கால் வைப்பவை இரண்டே இரண்டு. அந்த இரண்டும் அடுத்த நொடியே உள்ளே வந்துவிடுகின்றன.

இதைக் கம்பியில் வைத்துப் பார்த்தால் வேடிக்கை கூடுகிறது. ஈ கம்பியில் 2, 3, 4, 5 ஆகிய ஃபிரெட்டுகளில் முறையே ம2, ப, த1, த2. ஏ கம்பியில் 2இல் நி, 3இல் ச, 5இல் ரி. டி கம்பியில் 2இல் க, 3இல் ம1. ஜி கம்பியில் 2இல் எஃப் பாருக்கான மேல் தைவதம். மொத்தப் பாதையும் இரண்டாம் ஃபிரெட்டுக்கும் ஐந்தாம் ஃபிரெட்டுக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. நான்கு விரலுக்கு நான்கு ஃபிரெட்; நான்கு கார்டு மாறியும் உள்ளங்கை நகரவே இல்லை. எல்லாவற்றையும் இரண்டு ஃபிரெட் முன்னால் தள்ளினால் அதே பாட்டு டி-யில் ஒலிக்கும்.

எண்ணிலிருந்து கார்டு, கார்டிலிருந்து லைன்

கார்டைப் பார்த்து பேஸை உருவாக்குவது இன்றைய வழக்கம். 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஏற்பாடு தலைகீழாக இருந்தது. இசையமைப்பாளர் பேஸ் லைனை எழுதி, அதன் கீழே சில எண்களைக் குறிப்பார். ஹார்ப்சிகார்டு வாசிப்பவர் அந்த எண்களைப் பார்த்து மேலே கார்டுகளை உடனுக்குடன் கட்டிக்கொள்வார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் காலத்து இசைக்கு அடித்தளம் அதுதான். இருபதாம் நூற்றாண்டு ஜாஸ் வந்தபோது தாளில் கார்டின் பெயர் மட்டும் மிஞ்சியது. பேஸைக் கட்டுவது வாசிப்பவர் பொறுப்பானது. 1930களில் கவுன்ட் பேஸி குழுவில் வால்டர் பேஜ் அடிக்கு ஒரு சுரமாக நடத்திச் சென்ற பாணிக்கு வாக்கிங் பேஸ் என்று பெயர். மேலே பார்த்த பதினாறு சுரங்களும் அந்த நடையில் வந்தவைதான்.

அந்த நடையை மின்சார பேஸுக்குக் கொண்டுவந்து உடைத்துக் கலைத்து அடுக்கியவர் டெட்ராய்டின் ஜேம்ஸ் ஜேமர்சன். டபுள் பேஸில் ஜாஸ் பழகியவர். மோடவுன் நிறுவனத்தின் ஸ்டூடியோவில் பிரிசிஷன் பேஸை ஒரே ஒரு ஆள்காட்டி விரலால் மீட்டி 1960களின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு அடி போட்டார். அந்த இசைத்தட்டுகளின் உறைகளில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன் ஆல்பத்தில்தான் அச்சேறியது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோக்களில் இன்னொருவர், கேரல் கேய். ஜாஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த அவர், 1963இல் பேஸ்காரர் வராத ஓர் ஒலிப்பதிவில் பேஸைக் கையில் எடுத்து, பிறகு கீழே வைக்கவே இல்லை. 1969 முதல் பேஸ் பாடநூல்கள் எழுதினார். ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டிப் பழகாதீர்கள், கார்டின் சுரங்களைப் பழகுங்கள் என்பது அவர் விடாமல் வலியுறுத்தும் பாடம். கிட்டாரிலிருந்து வந்தவர் என்பதால் கையில் ஏற்கெனவே கார்டுகள் இருந்தன. அவற்றைப் பிரித்து வாசிக்க மட்டும் வேண்டியிருந்தது.

தமிழ்க் காதுக்கு இதைப் பழக்கியவர் இளையராஜா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், பேஸ் உட்பட ஒவ்வொரு கருவிக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதியே கொடுப்பவர். பாக் மீது அவருக்குள்ள பற்றுக்கு 1986இல் வந்த ஹவ் டு நேம் இட் ஆல்பம் சாட்சி. எண்பதுகளின் அவர் பாடல்களில் பல்லவியை ஒருமுறை மறந்துவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேளுங்கள். ரூட்டில் நின்று தாளம் போடுவதோடு அவர் பேஸ் திருப்தியடைவதில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் அது ஒரு வரி பாடிவிட்டு வரும்.

தாளம் ஏன் அடியில் இருக்கிறது?

மெட்டு மேலே, தாளக்கட்டு கீழே என்ற ஏற்பாடு உலகத்தின் பல இசைகளில் இருக்கிறது. இதற்குக் காதிலேயே காரணம் உண்டா என்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரல் ட்ரெய்னரின் குழு ஆராய்ந்தது. 2014இல் வெளியான ஆய்வில், தாழ்ந்த சுரம் ஒன்றும் உயர்ந்த சுரம் ஒன்றும் ஒன்றாக, சீராகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். இடையிடையே இரண்டில் ஒன்று 50 மில்லிநொடி முன்னதாக வரும். தாழ்ந்த சுரம் முந்தியபோது கேட்பவர் மூளை அதிகமாகத் துணுக்குற்றது. விரலால் தாளம் தட்டச் சொன்னபோதும் தாழ்ந்த சுரத்தின் பிசகுதான் விரலை அதிகம் இழுத்தது. இந்த வேறுபாடு உட்செவியிலேயே தொடங்குவதாக அவர்களின் கணிப்பு. 2022இல் வந்த இன்னொரு ஆய்வில், ஒரு மின்னணு இசைக் கச்சேரியின்போது மிகத் தாழ்ந்த அதிர்வுகளை எழுப்பும் ஸ்பீக்கர்களை அவ்வப்போது போட்டும் அணைத்தும் பார்த்தார்கள். போட்டபோது கூட்டத்தின் ஆட்டம் சராசரியாக 11.8 சதவீதம் கூடியது. அவை பேஸ் கிட்டாரின் கடைசிச் சுரத்தையும்விடத் தாழ்ந்த அதிர்வுகள். தனியே கேட்டுப் பிடிப்பது அரிது, உடம்பு மட்டும் பிடித்துக்கொண்டது.

ஆகவே பேஸ்காரருக்கு இரட்டைப் பொறுப்பு. தவறான சுரம் கார்டின் பொருளை மாற்றும். சரியான சுரம் தவறான நேரத்தில் விழுந்தால் மொத்தக் குழுவின் நடையும் தள்ளாடும். புதிதாகப் பழகுபவரை முதலில் ரூட்டை மட்டும் வாசிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ரூட் காலத்தில் உட்கார்ந்த பிறகு ஃபிஃப்த், அதன் பிறகு தேர்ட், கடைசியில்தான் அடுத்த கார்டுக்கு அழைத்துப்போகும் அந்த நான்காம் அடி.

அந்த வரிசையில் பழகினால் எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு கணக்கு. முதல் அடி ரூட், தேர்வு இல்லை. இரண்டாம் அடிக்கு ரூட், தேர்ட், ஃபிஃப்த், ஆக்டேவ் என்று நான்கு வாய்ப்பு. மூன்றாம் அடிக்கும் நான்கு. நான்காம் அடிக்கு அடுத்த ரூட்டின் மேல் அரைச்சுரம் அல்லது கீழ் அரைச்சுரம், இரண்டு வாய்ப்பு. ஒரு பாருக்கு 32. நான்கு பாருக்கு 32ஐ நான்கு முறை பெருக்கினால் 10,48,576. இரண்டு வடிவமும் ஒரு விதியும் தெரிந்த தொடக்கக்காரர் கையில், எட்டு நொடி ஓடும் நான்கு கார்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பேஸ் லைன்கள் இருக்கின்றன. நாம் பார்த்தது அவற்றில் ஒன்று. இலக்கணப்படி எல்லாமே சரிதான், கேட்கத் தகுந்தவை கொஞ்சம்தான். எவை என்று வடிவம் சொல்லாது; பாடகர் எங்கே நீட்டுகிறார், டிரம்ஸ்காரர் எங்கே கிக் வைக்கிறார் என்று கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க முடியும். விரல் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கேட்பு நடக்காது. வடிவங்களை மனப்பாடம் செய்வதன் பயன் அங்கேதான்: கையின் வேலை முடிந்துவிட்டால் காதுக்கு நேரம் கிடைக்கும்.